மினரல் ஆயிலா, சிந்தெடிக் ஆயிலா? டிராக்டர், லாரி எஞ்சின்களுக்கு

விலை: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் மலிவு, வேதிமுறையில் உருவாக்கும் சிந்தெடிக் கணிசமாக அதிகம்.

குளிர்: டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குறையக் குறைய ஆயில் குளிரில் எளிதாகப் பாயும். 15டபிள்யூ-40 மினரல் கடுங்குளிரில் மெதுவாகப் பாயும், 5டபிள்யூ-40 சிந்தெடிக் விரைவாகப் பேரிங்குகளை எட்டும்.

மாற்றும் இடைவெளி: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிந்தெடிக் வெப்பத்தில் எளிதில் சிதையாது, உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த புழுதியை எந்த ஆயிலும் கரைத்துவிடாது. புழுதியில் உழும் டிராக்டருக்குக் கையேடு சொல்லும் மணிநேரத்தை, பல மாடல்களில் 250, தயவுசெய்து தாண்டாதீர்கள். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது. நின்ற இடத்தில் பம்பு ஓட்டினாலும் எஞ்சின் உழைக்கிறது.

கடுங்குளிர் இல்லாத இடத்தில் டிராக்டருக்கு நல்ல மினரல் போதும். நெடுந்தூரம் சீராக ஓடும் லாரிக்கு, தயாரிப்பாளர் நீண்ட இடைவெளியை அனுமதித்தால், சிந்தெடிக். புகைக்கரி வடிகட்டி பொருத்திய வண்டிக்கு இரண்டில் எதுவானாலும் எரியும்போது குறைவாகச் சாம்பல் விடும் ரகமே வேண்டும்.