டொஃபீனோவில் தங்க இடம் தேடுகிறீர்களா? எங்களுக்குப் போனது 1,380 டாலர்

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். இந்தக் கோடையில் கனடாவின் வான்கூவர் தீவின் மேற்குக் கரைக்குக் கிளம்பும் இன்னொரு குடும்பம் மாட்டிக்கொள்ளக் கூடாது, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

டொஃபீனோ சின்ன ஊர். ஒரு பக்கம் மழைக்காடு, மறுபக்கம் பசிபிக் கடல், உள்ளே போக 4ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான். ஜூலை, ஆகஸ்டில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பக்கத்திலுள்ள தேசியப் பூங்காவின் கிரீன் பாயின்ட் முகாமிலும் இடமில்லை. இந்தத் தவிப்பைத்தான் போலி வாடகை விளம்பரம் போடும் கூட்டம் காசாக்குகிறது.

ஓர் இலவச விளம்பரத் தளத்தில் கடலோர மரவீடு, மூன்று இரவுக்கு 1,380 டாலர். அடிமாட்டு விலையும் இல்லை, சந்தேகப்பட. ஃபோனில் ஒரு பெண் பேசினார். என்ன கனிவு! பிள்ளைகளின் வயதைக் கேட்டார். காலையில் மூடுபனி இறங்கும், ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள் என்றார். லாங் பீச்சில் அலை இழுக்கும், குழந்தைகளைத் தனியே விடாதீர்கள் என்றார். இப்படி அக்கறையாகப் பேசுகிறவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? முதலில் பாதிப் பணம் போதும் என்றவர், அப்புறம் வேறொரு குடும்பமும் கேட்கிறது என்று சொல்லி முழுத்தொகையையும் இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் முறையில், வாங்கிக்கொண்டார்.

போனால் வீடு இருக்கிறது, படத்தில் பார்த்த அதே வீடு. கதவைத் திறந்தவர் அங்கேயே குடியிருப்பவர். வாடகைக்கு விட்டதே இல்லையாம். இப்படி வந்து நிற்பது நாங்கள் முதல் ஆளும் இல்லையாம்.

ஊரிலும் பூங்காவிலும் இரவு காரில் தூங்கத் தடை. தூங்கி விழும் பிள்ளைகளோடு, இருட்டில், சிக்னல் வராத மலைப்பாதையில் போர்ட் ஆல்பெர்னி என்ற ஊர் வரை திரும்பி ஓட்டினோம்.

அந்தப் பெண்ணின் எண் அணைந்துவிட்டது. தளத்தைக் கேட்டால், “விளம்பரம் போட இடம் தருகிறோம், பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை.” வங்கியைக் கேட்டால், “நீங்களே அனுப்பியதுதானே, போய்ச் சேர்ந்துவிட்டது.” போலீஸ் ஒரு கோப்பு எண் கொடுத்தது. 1,380 டாலருக்குக் கிடைத்தது அந்த எண் மட்டும்தான்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இ-டிரான்ஸ்ஃபர் கேட்டால் விலகிவிடுங்கள். கிரெடிட் கார்டு என்றால் முறையிடவாவது வழி உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2025 மே முதல் குறுகிய கால வாடகை வீடுகள் மாகாணப் பதிவு எண்ணை விளம்பரத்தில் காட்ட வேண்டும், அது இல்லையென்றால் தொடாதீர்கள். படங்களைக் கூகுளில் போட்டுத் தேடுங்கள்.

புகார் கொடுத்த பிறகும் அந்த விளம்பரம் இன்று காலை அப்படியே இருக்கிறது. விலையை மட்டும் குறைத்திருக்கிறார்கள்.