சிலிக்குவா புதையலுக்கு போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் எப்படி?

இங்கிலாந்து, வேல்ஸ் வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு இறங்குபவர்களுக்கு இதைவிட நல்ல சேவை கிடையாது. பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் திட்டம் இது. கட்டணமும் இல்லை. 1997-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தரவுத்தளத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன.

இதன் அருமை சிலிக்குவா கிடைக்கும்போது தெரியும். ரோமானியர்களின் இந்த மெல்லிய வெள்ளிக் காசு நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதிதாக அடித்தபோது சுமார் 2 கிராம். பிரிட்டனில் கிடைப்பவற்றில் ஏராளமானவை வெள்ளிக்காக ஓரம் நறுக்கப்பட்டவை. நறுக்கியவர்கள் பேரரசரின் முகத்தை விட்டுவைத்தார்கள். சுற்றியிருந்த பெயர் பாதி போயிருக்கும், பின்பக்கம் அடியில் ட்ரியர் நகர அக்கசாலையின் (காசு அடித்த இடத்தின்) குறியில் உள்ள எழுத்துகளில் தலைகள்தான் மிஞ்சியிருக்கும். அதை வைத்து யாருடைய காசு என்று சொல்ல, பழகிய கண் வேண்டும். திட்டத்தின் அலுவலர்கள் எடையையும் விட்டத்தையும் குறிப்பது வெறும் சடங்கல்ல. எவ்வளவு நறுக்கியிருக்கிறது என்பது எப்போது புதைத்தார்கள் என்பதற்கே துப்பு.

இரண்டாவது காசு வந்ததும் தோண்டுவதை நிறுத்துங்கள். குழியைப் படமெடுத்து, வரைபடக் கட்ட எண்ணைக் குறித்து, மண்ணை மூடி, நில உரிமையாளருக்கும் அலுவலருக்கும் சொல்லுங்கள். எடுத்த காசைத் தேய்க்கவே வேண்டாம். காலப்போக்கில் வெள்ளி நொறுங்கும் தன்மை பெறுகிறது; நறுக்கிய விளிம்பு விரலழுத்தத்திலேயே விரிசல் விடும். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸ்னில் தொலைந்த சுத்தியலைத் தேடியவர் புதையலில் கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார். மறுநாளே தொல்லியலாளர்கள் தோண்டியதால்தான் சுமார் 15,000 காசுகளோடு, அவை இருந்த மரப்பெட்டியின் அமைப்பும் தெரிந்தது. அந்தச் சுத்தியலும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

300 ஆண்டுக்கு மேல் பழைய, குறைந்தது 10 சதவீதம் வெள்ளி அல்லது தங்கம் உள்ள காசுகள் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே சட்டப்படி புதையல். 14 நாளுக்குள் கொரோனருக்கு (புதையலா என்று விசாரித்து முடிவுசெய்யும் அதிகாரிக்கு) தெரிவிக்க வேண்டும். அலுவலரே படிவத்துக்கு உதவுவார். புதையலை அருங்காட்சியகம் வாங்கினால் தரும் வெகுமதியைப் பொதுவாக நில உரிமையாளரும் கண்டவரும் பாதிப்பாதி பிரித்துக்கொள்வார்கள்.

பெரிய குறை, தாமதம். விசாரணை, மதிப்பீடு என்று ஓராண்டைத் தாண்டுவது சகஜம். பொறுமை இல்லாதவர்கள் தளர்ந்துபோவது நியாயம்தான். ஆனால் தோண்டிய இடத்தைப் பொதுவெளியில் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கி வெளியிடுவது மிக நல்ல ஏற்பாடு. இரவில் வயலுக்குள் நுழையும் திருடர்களை அது தடுக்கும். ஸ்காட்லாந்துக்கு இத்திட்டம் பொருந்தாது. அங்கே சட்டமே வேறு, ட்ரெஷர் ட்ரோவ் பிரிவிடம்தான் போக வேண்டும்.