பீம்-பிளாக் தளத்தின் மேல் ஒன்பது வருடம்

வீடு கட்டும்போது தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் பீம்-பிளாக் போட்டோம். ஒன்பது வருடம் அதன் மேல் நடமாடியாகிவிட்டது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பீம் இதுவரை எங்களுக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. எங்களை அதிகம் படுத்தியது பீமுக்கும் பிளாக்குக்கும் இடையில் இருக்கிற விரல் நுழையாத சந்துதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பீம் ஆலையிலேயே வார்க்கப்பட்டு வருகிறது. உள்ளே இருக்கும் உறுதியான எஃகுக் கம்பிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு கம்பியை விடுவார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கவிழ்த்துப் போட்ட ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும். எங்களுடையது 150 மி.மீ. உயரம். சுவருக்குச் சுவர் பீம்களை வரிசையாக வைத்து, அடிப்பக்கத்து விளிம்புகளின் மேல் 440 × 215 × 100 மி.மீ. கான்கிரீட் பிளாக்குகளை அடுக்கினால் தளம். பலகை அடிக்க வேண்டாம், முட்டுக் கொடுக்க வேண்டாம், கான்கிரீட் இறுகும்வரை நாள் எண்ணிக் காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் தரைத்தளத்துக்குக் காலையில் பீம் இறங்கியது. மறுநாள் சாயங்காலம் அதன் மேல் நடந்தோம்.

நான்கரை மீட்டர் பீம் ஒன்று 150 கிலோ பக்கம் வரும். தூக்கும்போது இரண்டு முனைக்கும் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும், தலைகீழாகவோ பக்கவாட்டிலோ புரட்டக் கூடாது. எங்கள் ஆட்கள் மாடிக்கான பீம்களை இறக்கும் அவசரத்தில் ஒன்றைப் புரட்டிவிட்டார்கள், மேலே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். “பரவாயில்லை சார், கலவை பூசினா மறைஞ்சிடும்” என்றார் மேஸ்திரி. மறைந்துதான் இருக்கும். பொறியாளர் அதை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார். வேலை இரண்டு நாள் நின்றது, எனக்கும் அன்றைக்கு எரிச்சல்தான்.

சுவரில் பீம் எவ்வளவு உட்கார்கிறது என்பதை மட்டும் டேப் பிடித்துப் பாருங்கள். செங்கல், பிளாக் சுவரென்றால் 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நடுச்சுவரில் இரண்டு அறைப் பீம்களும் நேருக்கு நேர் முட்டினால் அந்த இடம் கிடைக்காது. அதனால் ஒன்றையொன்று ஒட்டி மாற்றி மாற்றி வைத்தோம்.

எங்களை முதலில் மிரட்டியது நடுமேடு. உள்ளே இழுபட்ட கம்பியின் விசையால் பீம் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்தே வரும். அது குறை அல்ல, அதன் சுபாவம். கூடத்தில் சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தோம். நடுவில் நூல் பீமைத் தொட்டது, இரு ஓரத்திலும் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. சுமார் 12 மி.மீ. பக்கத்துப் பீமோ 7 மி.மீ.தான் வளைந்திருந்தது. மேலே போடும் மட்டக் கலவையின் கனத்தை நடுவில் அளக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. ஓரத்தில் 65 மி.மீ. என்று ஆரம்பித்தால் நடுவில் ஐம்பதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும், அங்கேதான் பின்னால் வெடிக்கும். கலவைக் கணக்கு போடும்போது இந்த வளைவுக்கும் சேர்த்துப் போடுங்கள். நாங்கள் போடவில்லை, கடைசி அறைக்குச் சிமென்ட் போதவில்லை.

சரி, சந்து விஷயத்துக்கு வருகிறேன். பிளாக் அடுக்கியதும் தளத்தை நன்றாகக் கூட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சிமென்டுக்கு நாலு பங்கு மணல் கலந்த தண்ணியான கலவையை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளித் தள்ளி எல்லா இடுக்கிலும் இறக்க வேண்டும். பிளாக்குகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வது இதனால்தான். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. அதனாலேயே கடைசி ஆளிடம் விடுவார்கள். எங்கள் சமையலறை மூலையில் அன்றைக்குப் பிளம்பிங் பைப்புகள் குவித்துக் கிடந்தன. அவற்றைச் சுற்றித் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது வருடம் அந்த மூலையில் எறும்பு. மருந்து போட்டால் ஒரு வாரம் காணாமல் போய் மறுபடி வரும். அப்புறம் ஒரு டைல் தட்டினால் ‘டொக்’ என்று வெற்றுச் சத்தம் கொடுத்தது. ஒரு நாள் தீக்குச்சியைக் கொளுத்தி ஸ்கர்ட்டிங் ஓரமாகக் கொண்டுபோனேன். கூடத்து ஓரத்தில் நேராக நின்ற சுடர், அந்த மூலைக்கு வந்ததும் அறைப் பக்கமாகச் சாய்ந்தது. தளத்துக்கு அடியிலிருந்து காற்று வருகிறது! டைலையும் கலவையையும் பெயர்த்துப் பார்த்தால் பிளாக்குகளுக்கு நடுவே சந்து காய்ந்து வெறுமையாக இருந்தது. டார்ச் அடித்தால் ஒளி உள்ளே போய்த் திரும்பவே இல்லை. நாலு டைல், ஒரு வாளிக் கலவை, அரை நாள் வேலை. எறும்பு அதன்பின் வரவில்லை.

தரைத்தளத்துக்கு அடியில் உள்ள வெற்றிடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும், பீமின் அடிக்கும் மண்ணுக்கும் 150 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். வெளிச்சுவரின் காற்றுத் துளைகளை நானேதான் அடைத்தேன், செடிக்கு மண் கொட்டி. சில மாதத்தில் வீட்டில் ஒரு பூஞ்சை வாடை. மண்ணை அள்ளியதும் வாடை போயிற்று.

ஆறாவது வருடம் நடந்ததுதான் இந்தத் தளத்தின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டியது. எல்லாக் குழாயையும் மூடியிருந்தும் தண்ணீர் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குழாய் தளத்துக்கு அடியில் கசிகிறது, எவ்வளவு நாளாகவோ. உள்ளே இறங்க வழி வைக்கவில்லை. ஒரே வார்ப்பாகப் போட்ட தளமென்றால் இடித்திருக்க வேண்டும். இங்கே பொறியாளர் பீம் வரைபடத்தைப் பார்த்து, சாமான் அறையில் இரண்டு பீமுக்கு நடுவே அடுத்தடுத்த இரண்டு பிளாக்கை எடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்தால் 215 மி.மீ. அகலம், தோள் நுழையாது. இரண்டை எடுத்தால் 430, ஆள் இறங்கலாம். எங்கள் மனை சரிவு என்பதால் அடியில் 60 செ.மீ. உயரம் இருந்தது. பிளம்பர் தவழ்ந்து போய் இணைப்பை மாற்றிவிட்டு வந்தார். அந்தத் துவாரத்துக்கு இப்போது மூடி போட்டு வைத்திருக்கிறோம். முதலிலேயே வைத்திருக்க வேண்டியது.

பிளாக்கைத் தொடலாம், பீமைத் தொடக் கூடாது என்பதை வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தொழிலாளியிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கம்பிகள் பெரும்பாலும் பீமின் அடிப்பாகத்தில்தான் ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் பலம் போச்சு. மாடிக் கழிவறையின் 110 மி.மீ. பைப்புக்கு வழியில் பீம் குறுக்கிட்டது. பீமைக் கொத்த விடாமல் கழிவறைப் பீங்கானை 15 செ.மீ. நகர்த்தினோம். ஐந்தாம் வருடம் மாடியில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப ஆசைப்பட்டோம். சுவர் வரும் இடத்தில் ஜோடிப் பீம் வைத்திருந்தால் எழுப்பியிருக்கலாம். வைக்கவில்லை என்பதால் போர்டுத் தடுப்போடு நிறுத்திக்கொண்டோம். பீம் வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள். டைல் போட்ட பிறகு எது எங்கே ஓடுகிறது என்று வேறு எதுவும் சொல்லாது.

எனக்கு இன்னும் மனத்தாங்கல் சத்தத்தில்தான். மாடியில் பேசுவது கீழே கேட்காது, நாற்காலி இழுத்தால் முழுசாகக் கேட்கும். மட்டக் கலவைக்கு அடியில் மெத்தென்ற ஒரு அடுக்கு விரித்திருந்தால் குறைந்திருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து விட்டுவிட்டோம். இப்போது நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டிச் சமாளிக்கிறோம்.

பின்பக்கம் ஓர் அறை கூட்டப் போகிறோம். அதற்கும் பீம்-பிளாக்தான். பைப்புகளை மட்டும் இந்தத் தடவை தெருப்பக்கம் இறக்கச் சொல்லியிருக்கிறேன். துடைப்பம் என் கையில்.