புகை என்பது எரியாத விறகு: ஒரு விறகடுப்போடு ஒன்பது குளிர்காலம்

ஒஸ்லோவுக்குக் கிழக்கே லோரென்ஸ்கூக்கில், 1970களில் கட்டிய ஒரு வரிசை வீட்டில் இருக்கிறோம். 2014இல் வீட்டை வாங்கியபோது வரவேற்பறை மூலையில் ஒரு பழைய வார்ப்பிரும்பு அடுப்பும் சேர்ந்து வந்தது. 2016 ஒக்டோபரில் அதைக் கழற்றிவிட்டுப் புதிய அடுப்பைப் பூட்டினோம். அதன்பின் ஒன்பது குளிர்காலம் போய்விட்டது. வீடு வாங்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், தெரிந்ததையெல்லாம் ஆறுதலாக எழுதி வைக்கிறேன்.

பழைய அடுப்பில் இருந்துதான் தொடங்க வேண்டும். நீளமாக, ஒடுக்கமாக, 60 சென்ரிமீற்றர் கட்டையை அப்படியே உள்ளே தள்ளக்கூடிய வகை அது. இந்த உருவத்தில் பெயர்பெற்றது, 1853இல் தொடங்கிய யொத்துல் நிறுவனத்தின் 118 என்ற அடுப்பு. எங்களுடையது வேறு யாரோ செய்தது. அந்த 118இன் இரும்பில் ஒரு வேண்டுதல் வார்க்கப்பட்டிருக்கும். இரவில் நெருப்பைப் புதைத்து வைக்கிறேன், அது அணைந்து போகாதிருக்க இறைவன் அருளட்டும் என்பது அதன் கருத்து. முதல் தடவை அதன் பொருளை அறிந்தபோது எனக்கு அம்மாவின் குசினிதான் கண்ணில் வந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மாவும் படுக்கப் போகுமுன் தணலைச் சாம்பலால் மூடுவார். விடிய அதைக் கிளறி, பன்னாடை வைத்து, ஊதாங்குழலால் ஊதினால் அடுப்பு பற்றிவிடும். சமையல் முடியும்போது கொள்ளியை வெளியே இழுத்துவிடுவார். தீ குறைந்தால் விறகு மிச்சம். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அதனால் முதல் இரண்டு குளிர்காலமும் நான் செய்தது இதுதான்: படுக்குமுன் அடுப்பை விறகால் நிரப்பி, காற்று வரும் வழியை நன்றாக அடைத்துவிட்டு மேலே போய்விடுவேன். காலையில் இரும்பில் கை வைத்தால் இளஞ்சூடு இருக்கும். விறகைச் சிக்கனமாகப் பாவிக்கிறோம் என்று நம்பினேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா தபால்பெட்டியடியில் என்னை நிறுத்தினார். எழுபது வயதைத் தாண்டியவர், ஆஸ்துமா இருக்கிறது. இரவில் அடுப்பு எரிப்பதைக் குறைக்க முடியுமா, புகை தன் படுக்கையறைக் காற்றுத் துவாரத்தால் வருகிறது என்று மிகவும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அன்றிரவு பதினொரு மணிக்கு வெளியே போய்ப் பார்த்தேன். காற்றே இல்லாத கடுங்குளிர். எங்கள் புகைபோக்கியிலிருந்து மஞ்சள் கலந்த சாம்பல் நிறப் புகை மேலே போகாமல் கூரையோடு வழிந்து அவருடைய பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவர் இதைச் சுவாசித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது.

அந்த வசந்தத்தில் நகரசபையின் புகைபோக்கி துப்புரவாளர் வந்தார். கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தார் உள்ளே படிந்திருப்பதைக் காட்டினார். அது தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 பாகையையும் தாண்டலாம், சுவர் வெடிக்கலாம் என்றார். எப்படி எரிக்கிறாய் என்று கேட்டு, நான் சொன்னதைக் கேட்டபின் ஒரு கடதாசியை எடுத்து வரைந்து காட்டினார். அந்த அரைமணி நேரப் பேச்சுத்தான் இந்தக் கட்டுரையின் அடிப்படை.

விறகு சூடானால் அதன் எடையில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு மேல் வாயுவாகக் கழன்று வரும். நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். மிஞ்சுவது கரி; அது தணலாக எரியும். வாயு எரிந்து முடிய ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் சூடும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்தால் விறகு வெந்துகொண்டே இருக்கும், வாயு வந்துகொண்டே இருக்கும், ஆனால் எரியாது. ஒரு பகுதி புகைபோக்கியில் தாராகப் படியும், மிச்சம் அயலவரின் நெஞ்சுக்குள் போகும். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த விறகு உண்மையில் புகையாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் திறந்த அடுப்பில் கொள்ளியை இழுத்துத் தீயைக் குறைத்தது சரி, ஏனென்றால் அங்கே எரியும் விறகின் அளவே குறைகிறது. மூடிய இரும்புப் பெட்டிக்குள் விறகை நிரப்பி மூச்சை அடைப்பது வேறு கதை. குறைக்க வேண்டியது விறகை, காற்றை அல்ல.

நோர்வேயில் 1998 முதல் புதிதாகப் பூட்டும் அடுப்புகள் ‘தூய எரிப்பு’ வகையாகத்தான் இருக்க வேண்டும். அந்த விதி வந்தபோது, இங்குள்ள சோதனை முறையில் ஒரு கிலோ விறகுக்குச் சராசரியாக 10 கிராமுக்கு மேல் துகள் வெளியேறக்கூடாது என்று வைத்தார்கள். பேர்கன் நகரம் இன்னும் ஒரு படி போய், பழைய வகை அடுப்பை எரிப்பதையே 2021 தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று கீழே தேங்கி நின்றால் புகைக்கு வெளியேற வழியில்லை.

புதிய அடுப்பில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், பின்சுவரில் மேல்பக்கமாக இருக்கும் சிறு துளை வரிசை. அந்த வழியாகச் சூடேறிய காற்று சுவாலையின் உச்சியில் போய்ச் சேர, தப்பிப் போகும் வாயு இரண்டாம் தடவை எரிகிறது. நன்றாகச் சூடேறியபின் அந்தத் துளைகளிலிருந்தே நெருப்பு புறப்படுவதுபோல் தெரியும். ஒன்பது வருடமாகியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அலுக்கவில்லை.

வாங்கும்போது நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு, சிறியதாக வாங்கியது. கடைக்காரர் 8 கிலோவாட் அடுப்பைக் காட்டினார். நாங்கள் 5 கிலோவாட்டில் நின்றோம். பெரிய அடுப்பை 30 சதுர மீற்றர் அறையில் வைத்தால் அரைமணியில் வெக்கை தாங்காது. உடனே கை காற்றை அடைக்கத்தான் போகும். பழைய புகை திரும்பி வரும். எங்கள் அடுப்பு மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக விறகு எரித்தால் முழு வேகத்தில் ஓடும். வெளியே -15 இருக்கும் நாளிலும் கீழ்த்தளத்துக்கு அது போதும். சந்தேகமிருந்தால் ஒரு அளவு குறைத்து வாங்குங்கள்.

இனி விறகு. 2017 இலையுதிர்காலத்தில், ‘நன்றாகக் காய்ந்த பேர்ச் விறகு’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு முழுச் சுமை வாங்கினேன். அப்போது அம்மா எங்களோடு வந்து நின்றார். இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். “உது பச்சையடா தம்பி. சத்தமே வரேல்லை. உதை எரிச்சா கண்தான் எரியும்” என்றார். நம்பாமல் ஈரமானி வாங்கினேன். வெளிப்பக்கம் 18 சதவீத ஈரம் காட்டியது. கட்டையைப் பிளந்து உள்ளே குத்தினால் 29. பார்த்தவுடன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன், நீங்கள் சொன்னது சரி என்று.

எப்போதும் பிளந்த புதுமுகத்தில்தான் அளக்க வேண்டும். 20க்குக் கீழே இருந்தால் எரிக்கலாம். வெட்டியவுடன் பேர்ச் மரத்தின் எடையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர்தான். ஒரு லீற்றர் தண்ணீரை ஆவியாக்க 0.7 அலகு (கிலோவாட் மணி) வெப்பம் செலவாகிறது. அதைவிட மோசம், அந்த ஆவி நெருப்பைக் குளிர வைத்து வாயுவை எரியவிடாமல் செய்வது. அந்தச் சுமையை ஒரு வருடம் அடுக்கி வைத்துத்தான் எரித்தோம். அந்த வருடம் மின்கட்டணம் கையைக் கடித்தது, ஆனாலும் ஈர விறகை எரிக்கவில்லை.

இப்போது ஒழுங்கு இப்படி: மரம் குளிர்கால முடிவில், சாறு ஏறுமுன் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரலுக்குள் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்றுப் போகும்படி அடுக்குவேன். மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்தே விடுவேன். சுற்றிவர பிளாஸ்ரிக்கால் போர்த்தினால் உள்ளே பூஞ்சணம்தான் பிடிக்கும். செப்டெம்பரில் கொட்டகைக்குள் எடுத்துவிட வேண்டும்.

இங்கே விறகை ‘ஃபாவ்ன்’ என்ற அளவில் விற்பார்கள். அது அடுக்கிய நிலையில் 2.4 கன மீற்றர். காய்ந்த பேர்ச் என்றால் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறக்குறைய 4 அலகு வெப்பம் இருக்கிறது. நல்ல அடுப்பு அதில் முக்கால்வாசியை வீட்டுக்குத் தரும். ஆக ஒரு ஃபாவ்னில் 3000 அலகு கிடைக்கும். நாங்கள் ஒரு குளிர்காலத்துக்கு ஒன்றரை ஃபாவ்ன் எரிக்கிறோம். கிலோ கணக்கில் பார்த்தால் ஸ்ப்ரூஸ் மரமும் பேர்ச் அளவுக்கே வெப்பம் தரும். அது இலேசான மரம் என்பதால் இடம்தான் கூடப் பிடிக்கும். ஒக்டோபரிலும் ஏப்ரலிலும் எங்களுக்கு ஸ்ப்ரூஸ்தான் வசதி. சீக்கிரம் பற்றி, அறையைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு அணைந்துவிடும்.

மூட்டும் முறை எனக்கு ஆரம்பத்தில் தலைகீழாகத் தெரிந்தது. சுள்ளியைக் கீழே வைத்து மேலே விறகு அடுக்குவதுதான் நமக்குப் பழக்கம். இங்கே பெரிய துண்டு இரண்டைக் கீழே, இடைவெளி விட்டு வைத்து, அதன்மேல் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, உச்சியில் பற்றவைக்க வேண்டும். காற்று முழுதாகத் திறந்திருக்க வேண்டும். நெருப்பு மெழுகுதிரிபோல் மேலிருந்து கீழே இறங்கும். கீழ் விறகிலிருந்து வரும் வாயு ஏற்கனவே எரியும் நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் புகையாகத் தப்பாது. கீழிருந்து மூட்டும்போது வரும் முதல் பதினைந்து நிமிடப் புகை இதில் பெரும்பாலும் வருவதில்லை. எதையும் வாங்காமல், இன்றைக்கே செய்யக்கூடிய மாற்றம் இது. பழைய அடுப்பு வைத்திருப்பவர்கள் இதையாவது செய்யுங்கள்.

மறுபடி விறகு போடுவது சுவாலை அடங்கித் தணலாக இருக்கும்போது. ஒன்றிரண்டு துண்டு போதும். போட்டதும் சில நிமிடம் காற்றை முழுதாகத் திறந்து, நன்றாகப் பற்றியபின் சற்றுக் குறைக்கலாம். சுவாலை மஞ்சளாகத் துடிப்போடு இருக்க வேண்டும். சோம்பலாக, செம்மஞ்சளாக ஆடினால் காற்றுப் போதவில்லை. கண்ணாடி கறுப்பதும் அதே அறிகுறிதான். கறுத்தால் ஈரக் கடதாசியைச் சாம்பலில் தோய்த்துத் துடைத்தால் போய்விடும்.

எங்கள் வீடுகளுக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. மீன் பொரிக்கும்போது, கறிக்குத் தாளிக்கும்போது குசினிப் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் போடுவோம். வீடு இறுக்கமாக இருந்தால் அது புகைபோக்கியிலிருந்தே காற்றை இழுக்கும். அடுப்பின் புகை அறைக்குள் வரும். எங்களுக்கு ஒரு முறை அப்படி நடந்து, புகை எச்சரிக்கை மணி அடித்தது. இப்போது உறிஞ்சியைப் போடுமுன் குசினி யன்னலைக் கொஞ்சம் திறப்போம். கார்பன் மொனொக்சைட் மணியும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது, மணிதான் சொல்ல வேண்டும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே, கல்லின்மேல் வைப்போம். அதற்குள் தணல் பல நாள் உயிரோடு இருக்கும்.

தேய்மானம் பெரிதாக இல்லை. உட்சுவரில் இருக்கும், வெப்பம் தாங்கும் வெர்மிகுலைட் தகடுகளில் இரண்டு, நான் விறகை எறிந்து போட்டதால் வெடித்தன. ஆறாவது வருடம் மாற்றினேன், பத்து நிமிட வேலை. கதவின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடியிழைக் கயிறு தட்டையாகிவிட்டது. கதவிடுக்கில் ஒரு கடதாசியை வைத்துப் பூட்டி இழுத்துப் பார்ப்பேன். தடையில்லாமல் வந்தால் கயிறு மாற்ற வேண்டும்.

குறையென்றால், வெப்பம் சமமாகப் பரவுவதில்லை. வரவேற்பறை 25இல் இருக்கும்போது கடைசிப் படுக்கையறை 17இல் இருக்கும். அதற்கு, வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கொண்டுவரும் ஹீற் பம்ப் ஒன்றும் வைத்திருக்கிறோம். அன்றாடச் சூட்டை அது பார்த்துக்கொள்ளும். ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகு வரை வெப்பம் தரும், ஆனால் வெளியே குளிர் கூடக்கூட அதன் திறன் குறையும். அந்த நாட்களில்தான் அடுப்பு கைகொடுக்கிறது. 2021 கடைசியில் தென் நோர்வேயில் மின்விலை ஏறி, அரசு கட்டண உதவி கொடுக்கத் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில் அதன் அருமை தெரிந்தது. மின்சாரம் தடைப்பட்டாலும் ஒரு அறையாவது சூடாக இருக்கும்.

ஆனால் தூய எரிப்பு என்றால் புகையே இல்லை என்று அர்த்தமில்லை. நல்ல அடுப்பும் நுண்துகளை வெளிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டலில் வருடச் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் அந்தத் துகள் இருக்கக்கூடாது என்கிறது. அதனால் காற்று அசையாமல் நிற்கும் நாட்களில், மிகவும் தேவைப்பட்டால் தவிர, நாங்கள் மூட்டுவதில்லை. மாவட்டச் சூடாக்கல் (ஒரே இடத்தில் சூடாக்கிய நீரைக் குழாய்வழி வீடுகளுக்கு அனுப்பும் முறை) இருக்கும் அடுக்குமாடியில் இருக்கிறீர்கள், விறகு அடுக்க இடமில்லை என்றால், அடுப்பு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

புதிய அடுப்பு பூட்டிய முதல் குளிர்காலத்தில், மூட்டிப் பதினைந்து நிமிடம் கழித்து வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பேன். வெப்பக் காற்று நடுங்குவது மட்டும் தெரிந்தால் சரி. ஜனவரி மாதம் ஒரு நாள், பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால், இந்த வருடம் நீங்கள் அடுப்பே எரிக்கவில்லையா என்று கேட்டார். ஒவ்வொரு நாளும் எரிக்கிறோம் என்றேன். அவர் நிமிர்ந்து எங்கள் கூரையைப் பார்த்தார். அன்றைக்கும் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.