டிஐஈ (வெளிநாட்டவர் அடையாள) அட்டை எடுக்கும் பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் கவனத்துக்கு: ஸ்பெயினில் காவல் நிலைய இலவசச் சந்திப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்

லண்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்று 2019இல் அலிகாண்டே மாகாணத்தில் குடியேறியவர்கள் நானும் என் மனைவியும். பிரெக்சிட் விலகல் ஒப்பந்தத்தால் எங்கள் குடியிருப்பு உரிமைக்கு ஆபத்தில்லை, கையில் பழைய பச்சை நிறக் குடியிருப்புப் பதிவுச் சான்றிதழும் இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபரில் ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதி எல்லைகளில், வெளிநாட்டவர் வருவதையும் போவதையும் பதியும் ஈஈஎஸ் முறையின் கைரேகைப் பதிவு தொடங்கியதும், எங்கள் ஊரில் ஆங்கிலம் பேசும் ஓர் உதவி அலுவலகம் வயதானவர்களைப் பயமுறுத்த ஆரம்பித்தது. பச்சைச் சான்றிதழ் இனிச் செல்லாதாம், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். முழுப் பொய். அது சட்டப்படி இன்னும் செல்லும். எல்லையில் வீண் கேள்விகள் வராமல் இருக்கப் படம் போட்ட டிஐஈ அட்டையாக மாற்றிக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.

அந்த மாற்றத்துக்கு எங்களிடம் ஆளுக்கு 190 யூரோ வாங்கினார்கள். இதில் அரசுக்குப் போவது 790-012 படிவத்தில் வங்கியில் கட்டும் 12 யூரோ அளவிலான கட்டணம் மட்டும். சீத்தா பிரேவியா, அதாவது காவல் நிலையத்தில் சந்திப்புக்கு நேரம் எடுப்பது, முழுக்க இலவசம். நேரம் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான், ஏனென்றால் கணினி நிரல்களை வைத்து மொத்தமாக அள்ளிக்கொண்டு விற்கும் கும்பல்கள் இருக்கின்றன, 2023இல் ஸ்பெயின் காவல்துறையே இதற்காகப் பலரைக் கைது செய்தது.

சரி, காசு போனாலும் வேலை நடந்ததா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டிஷ்காரர்களுக்கென்று சந்திப்பு நேரம் எடுக்கும் தளத்தின் பட்டியலில் தனிப் பிரிவு இருக்கிறது, அதன் பெயரிலேயே பிரெக்சிட் என்று எழுதியிருக்கும். இவர்கள் எடுத்துக் கொடுத்ததோ என்ஐஈ எனும் வெளிநாட்டவர் அடையாள எண் கேட்பவர்களுக்கான நேரம். காவல் நிலையத்தில் அதிகாரி தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். முழங்கால் வலியோடு என் மனைவி வெயிலில் வரிசையில் நின்றதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. திரும்பப் போய்க் கேட்டால், புது நேரத்துக்கு இன்னொரு கட்டணம் என்கிறார்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் காப்பீடு. தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாமல் அட்டை தரமாட்டார்கள் என்று சொல்லி ஒரு வருட ஒப்பந்தத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நாங்கள் பிரிட்டன் அரசின் பென்ஷன் வாங்குகிறவர்கள், மருத்துவ உரிமைக்காகப் பிரிட்டன் தரும் எஸ்1 படிவத்தை இங்கே சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிந்து அரசு மருத்துவம் பார்க்கிறோம், அந்தச் செலவைப் பிரிட்டன் ஏற்கிறது. அதை அவர்களிடம் முதலிலேயே சொல்லியும் இருந்தோம். பச்சைச் சான்றிதழை மாற்றக் காப்பீடு கேட்பதே இல்லை: இஎக்ஸ்-23 விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட், புகைப்படம், பழைய சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீது, முகவரி மாறியிருந்தால் நகராட்சியில் எடுக்கும் பத்ரோன் எனும் முகவரிப் பதிவுச் சான்று, இவை போதும். இதே போல மாட்டிக்கொண்டவர்கள் கவனியுங்கள், அந்த ஒப்பந்தம் தானாகவே அடுத்த வருடத்துக்கு நீளும். முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், நாங்கள் அஞ்சலகத்தில் புரோஃபாக்ஸ், அதாவது அனுப்பியதற்குச் சான்று தரும் கடிதம், அனுப்பிவிட்டோம்.

பிறகு காலை நேரங்களில் அரசுத் தளத்தை விடாமல் பார்த்து நாங்களே நேரம் எடுத்தோம். இங்கே குடியேறி ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் பத்து வருட நிரந்தர அட்டையே கிடைத்தது.

ஆள் வைத்தே ஆக வேண்டும் என்றால், அரசு அலுவலக வேலைகளை முடித்துத் தரும் முகவர்களான ஹெஸ்டோர்களின் சங்கத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பலகையில் ஹெஸ்டோர் என்று யாரும் எழுதிக்கொள்ளலாம், சங்கத்தில் பெயர் இருக்காது. வரி எண்ணோடு ஃபக்தூரா, அதாவது விலைப்பட்டியல், தராதவருக்கு ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கடைசிவரை தரவில்லை. புகார்த் தாள் கேட்டபோதும் இல்லை என்றார்கள், ஆனால் அதை வைத்திருப்பது ஒவ்வொரு வணிகத்துக்கும் கட்டாயம், உள்ளூர்க் காவலரைக் கூப்பிடுவோம் என்றதும் மேசைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்கள். நிரப்பி, வங்கிப் பரிமாற்றச் சான்றோடு நகராட்சியின் நுகர்வோர் அலுவலகமான ஓமிக்கில் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.