நடுரோட்டில் வண்டி நின்றால்: எஸ்ஓஎஸ் பட்டனா, இன்சூரன்ஸ் ஆட்-ஆனா?

எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பட்டனோடு வரும் கனெக்டெட் கார், அதாவது இணையத்தோடு இணைந்த கார், சந்தா முடியப்போகிறது. புதுப்பிப்பதா, இன்சூரன்ஸோடு ஆட்-ஆனாக (கூடுதல் காசு கட்டி) வாங்கும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வழியில் வண்டி நின்றால் வரும் உதவி) போதுமா என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: இன்சூரன்ஸ் ஆட்-ஆன் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். கார் கம்பெனி சந்தா பெரும்பாலும் முதல் சில வருடம் இலவசம், அப்புறம் காசு.

இடம் சொல்வது: பட்டனை அழுத்தினால் காரிலேயே பொருத்திய இ-சிம் (உள்ளிணைந்த சிம்) வழியே லொகேஷன் தானே போய்விடும். ஆட்-ஆனில் பெரும்பாலும் நீங்கள்தான் போனில் இடத்தைச் சொல்ல வேண்டும். டவர் இல்லாத மலைப்பாதையில் இரண்டும் ஒன்றுதான்.

வருவது: பஞ்சர், ஜம்ப் ஸ்டார்ட் (பேட்டரி தீர்ந்தால் வேறு பேட்டரியால் கிளப்புவது), டோயிங் (வண்டியை இழுத்துச் செல்வது). இரண்டிலும் வருவது அநேகமாக அதே உள்ளூர் டோ வண்டிதான்!

தகவல்: இங்கேதான் பெரிய வித்தியாசம். ஆட்-ஆனுக்குக் கூப்பிட்ட நேரத்து விவரம் போதும். கனெக்டெட் காரோ எங்கே போனீர்கள், எவ்வளவு வேகம், எப்போது சடாரென்று பிரேக் அடித்தீர்கள் என்பதையெல்லாம் தினமும் அனுப்ப முடியும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இப்படிச் சேர்த்த தகவலை விற்றதாக 2025 ஜனவரியில் எஃப்டிசி (அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு) நடவடிக்கை எடுத்தது; அந்தத் தகவல் இன்சூரன்ஸ் கட்டணத்தை முடிவு செய்வது வரை போயிருந்தது.

இரவில் தனியாக நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குச் சந்தா சரி. செட்டிங்ஸில் தகவல் பகிர்வை மட்டும் முடிந்தவரை அணைத்துவிடுங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர்களுக்கு ஆட்-ஆன் தாராளம். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண் வேறு இருக்கிறது. காரை விற்கும்போது ஆப்பிலிருந்து கணக்கை நீக்க மறக்காதீர்கள்.