பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே வைப்பதா: 2021 நவம்பர் கணக்கு

கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை திறந்தன. வருகை கட்டாயமில்லை என்றது அரசு. அந்த வயதுக்கு அப்போது கொரோனா தடுப்பூசி வரவில்லை. முடிவு பெற்றோர் தலையில் விழுந்தது.

அனுப்புவதென்றால், முகக்கவசத்துக்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் திறந்திருந்தால் காற்று ஓடும். மூடிய அறையில் மின்விசிறி இருக்கும் காற்றையே சுற்றும். ஏசி வகுப்பும் அப்படித்தான். இந்த விஷயத்தில் ஓட்டுக் கட்டடம் பெரிய கட்டணப் பள்ளியை ஜெயித்துவிடும். ஆனால் அது மழைக்காலம். சாரலுக்கு ஜன்னலைச் சாத்துவார்கள், ஆட்டோவில் படுதாவை இறக்குவார்கள். வகுப்பில் தள்ளி உட்கார்ந்த பிள்ளை ஆட்டோவில் எட்டுப் பேரோடு இடித்துக்கொண்டு வரும்.

பெரிய தவறு வீட்டில்தான் நடக்கிறது: லேசாகச் சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவது. அது வேலை செய்வது நாலு முதல் ஆறு மணி நேரம்தான். எட்டு மணிக்குக் கொடுத்தால், எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றி டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் காய்ச்சல் திரும்பும். சுட்டாலே வீட்டில் நிறுத்திக் கொரோனா பரிசோதனை செய்யுங்கள். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை வேண்டாம்.

வீட்டில் வைப்பது பாதுகாப்புதான், வீடும் அடங்கியிருந்தால். பள்ளிக்கு அனுப்பாமல் டியூஷனுக்கும் கல்யாணத்துக்கும் கூட்டிப்போனால் படிப்பு போனதுதான் மிச்சம். ஒரே போன் உள்ள வீட்டில் அது ஒன்பது மணிக்கு அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மிஞ்சுவது அரசின் பாட சேனலான கல்வித் தொலைக்காட்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை வைத்து ஓரளவு ஒப்பேற்றும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு அது எடுபடாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியதால் ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காத குழந்தைகள் அவர்கள். பென்சில் பிடிக்கும் விரலைத் திருத்த யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும்.

எங்கள் கணிப்பில் தராசைச் சாய்ப்பது குழந்தையைவிட வீட்டிலிருக்கும் பெரியவர்கள். டயாலிசிஸிலோ புற்றுநோய் சிகிச்சையிலோ ஒருவர் இருந்தால் பிள்ளை வீட்டில் இருக்கட்டும். தாத்தா பாட்டிக்கு இரண்டு டோஸ் தடுப்பூசி முடியவில்லை என்றால், முடிந்து இரண்டு வாரம்வரை பொறுக்கலாம். இந்தச் சிக்கல் இல்லாத வீடுகளில் சின்ன வகுப்புக் குழந்தையைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். பலர் பெரியவனை அனுப்பிவிட்டுச் சின்னதை நிறுத்திக்கொண்டார்கள்.

இடைவழியும் ஒன்று இருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் தெருவிலேயே ஒரு தன்னார்வலர் மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தார். ஆட்டோ இல்லை, மதியச் சாப்பாடு இல்லை, திண்ணையோ மரத்தடியோ போதும்.